மார்பகப் புற்றும் மரபணு ஜாதகமும்

சேலையூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் அமர்ந்து ஓர் ஆங்கிலத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். தாளின் நடுவே தடித்த அச்சில் 18 என்று ஓர் எண். அதனருகே 0 முதல் 100 வரை நீளும் ஒரு கோடு. வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். முப்பத்தைந்து ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவர். அவர் தாழ்ந்த குரலில், “நூத்துக்குப் பதினெட்டுன்னா ஃபெயில்தானே?” என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்தத் தாள் யாரைப் பற்றியதோ அவர், ஆசிரியரின் மனைவி, ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி, அடுக்களையில் வந்தவர்களுக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தார். அவரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவர் எங்கள் நண்பர் ஒருவரின் தமக்கை. நண்பர் அன்று அக்கூடத்தில் இருந்தார். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கங்களில் வாழ்ந்துகொண்டு மாதம் ஒருமுறை கூடி நூல்களைப் பற்றிப் பேசும் எங்கள் சிறு குழுவில் அந்த மாதம் நூல் எதுவும் பேசப்படவில்லை. அந்தத் தாளைத்தான் பேசினோம். பிறகும் பல மாதங்கள் அதையே பேசினோம். கிடைத்தவற்றைப் படித்தோம், தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டோம். குடும்பத்தாரின் இசைவோடு, அவர்களை அடையாளம் காட்டாதவாறு, எங்களுக்குப் புரிந்ததையும் அதன்மேல் எங்கள் கருத்தையும் இங்கே எழுதுகிறோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். அன்று அந்தக் கூடத்தில் நடந்தது ஒரு வாசிப்பு. ஆறு பேர் ஒரு பிரதியைத் தவறாக வாசித்தார்கள். சில நாட்களில் அதே பிரதியை இன்னொரு விதமாகத் தவறாக வாசித்தார்கள். முதல் பிழை கண்ணீரோடு போயிற்று. இரண்டாவது பிழை உயிரைத் தொடக்கூடியதாக இருந்தது. வாசிப்பைப் பற்றி ஓயாமல் பேசுகிற நாங்கள் இதைப் பேசாமல் விடுவது முறையன்று.

*

அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

மார்பகப் புற்று என்பது ஒரே நோயன்று. ஒரே பெயரில் வழங்கும் பல நோய்கள். அறுவையில் எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கூடத்தில் வைத்து முதலில் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டா, புரோஜெஸ்டிரோன் ஏற்பி உண்டா, ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்துள்ளதா. தமக்கையாரின் கட்டியில் முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை. கட்டி இரண்டு சென்டிமீட்டர் அளவே. அக்குளின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கவில்லை. இத்தகைய கட்டி ஹார்மோனை உண்டு வளர்வது. ஆகவே ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை இதற்கு நல்ல மருந்து. அந்த மாத்திரையோடு கீமோவும் கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

முன்பெல்லாம் இத்தகைய பெண்களுள் பலருக்குக் கீமோ கொடுத்துவிடுவார்கள். அதனால் நன்மை பெறுவோர் சிலரே என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். யார் அந்தச் சிலர் என்பது தெரியாது. தெரியாத காரணத்தால் எல்லோருக்கும் முடி உதிர்ந்தது, எல்லோருக்கும் வாந்தி வந்தது.

இந்த இருட்டில் விளக்கேற்றத்தான் மரபணுக் குறிப்பான்கள் வந்தன. கட்டியின் திசுவில் எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு முனைப்பாக இயங்குகின்றன என்று அளந்தால், அந்தக் கட்டி பின்னாளில் எப்படி நடந்துகொள்ளும் என்று ஓரளவு ஊகிக்கலாம் என்பது அடிப்படைக் கருத்து. 2002இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுபது மரபணுக்களைக் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டனர். 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருபத்தொரு மரபணுக்களைக் கொண்ட வேறொன்றை வெளியிட்டனர். அவற்றுள் பதினாறு புற்றோடு தொடர்புடையவை. ஐந்து ஒப்பீட்டுக்கு வைத்தவை. இந்த இரண்டாவது சோதனைக்கு ஆங்கோடைப் என்று பெயர். அளவுகளையெல்லாம் ஒரு சூத்திரத்தில் இட்டு 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகத் தருகிறார்கள். எண் குறைந்தால் நோய் திரும்பி வருவது அரிது. கூடினால் அச்சம் மிகுதி. தமக்கையாரின் திசு கலிபோர்னியாவுக்குச் சென்று அங்கிருந்து எண்ணாகத் திரும்பி வந்தது. மகளின் திருமணத்திற்கென்று வங்கியில் போட்டிருந்த வைப்புத்தொகையிலிருந்து மூன்று லட்சத்தை ஒட்டிய பணம் அதற்காக எடுக்கப்பட்டது.

ஆகவே அந்தக் கூடத்தின் முதல் பிழை எளிதில் விளங்கும். மதிப்பெண்ணில் உயர்வு நல்லது. இதில் தாழ்வு நல்லது. எவராவது ஒருவர் அதைத் தமிழில் ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் அந்த வீடு ஓர் இரவு அழாமல் உறங்கியிருக்கும்.

அந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு ஒரு பெரிய ஆய்வு உண்டு. டெய்லர்-எக்ஸ் என்பது அதன் பெயர். 2006இல் தொடங்கிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துக்கொண்டு, 2018இல் முடிவை வெளியிட்டது. எல்லோரும் தமக்கையாரைப் போன்றோர்: ஹார்மோன் ஏற்பி உடையவர்கள், ஹெர்-2 இல்லாதவர்கள், கணுக்களுக்குப் பரவாதவர்கள். 11 முதல் 25 வரை எண் பெற்ற சுமார் 6,700 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை மட்டும். மற்றதற்கு மாத்திரையும் கீமோவும். ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தொலைவான உறுப்புகளுக்கு நோய் பரவாமல் இருந்தோர் முதல் பிரிவில் நூற்றுக்கு 94.5, இரண்டாம் பிரிவில் 95.0.

விழுக்காடு நம் மனத்தில் தங்குவதில்லை. ஆட்களாக எண்ணிப் பார்க்கலாம். தாம்பரம் நிலைய நடைமேடையில் ஆயிரம் பெண்கள் நிற்பதாகக் கொள்வோம். மாத்திரை மட்டும் உண்டால் ஒன்பது ஆண்டு முடிவில் 945 பேருக்கு நோய் பரவியிராது. கீமோவும் சேர்த்தால் 950 பேர். அந்த ஐந்து பேர் வேறுபாடும் தற்செயலால் நேரக்கூடியதே என்று ஆய்வாளர் கருதினர். அதற்காக ஆயிரம் பேரும் கீமோவின் துன்பத்தைத் தாங்க வேண்டியதில்லை என்பதே முடிவு. கூலி இழந்து, நோய்த்தொற்றுக்கு அஞ்சி முகம் மூடி, நெரிசலான மின்ரயிலில் கிண்டிவரை நின்றுகொண்டே சென்று, அங்கிருந்து பேருந்து ஏறி அடையாற்றுக்குப் போய்த் திரும்பிய பெண்களை நாங்கள் அறிவோம். அந்தப் பயணம் தேவையில்லாதவருக்குத் தேவையில்லை என்று சொல்ல முடிவது சிறிய செய்தியன்று. இந்த அறிவியலை நாங்கள் வணங்குகிறோம்.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. ஐம்பது வயதும் அதற்குக் கீழும் உள்ள பெண்களுக்கு, எண் 16 முதல் 25 வரை இருந்தால், கீமோவால் ஓரளவு நன்மை இருந்தது. அதாவது ஐம்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு 18 என்பது கீமோ வேண்டாம் என்னும் செய்தி. நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு அதே 18 மருத்துவரோடு அமர்ந்து நிதானமாகப் பேச வேண்டிய செய்தி. ஒன்று முதல் மூன்று கணுக்கள் வரை பரவிய பெண்களிடம் நடந்த ஆர்எக்ஸ்பாண்டர் என்னும் ஆய்வும் 2021இல் இதையொத்த பிளவையே காட்டியது: மாதவிடாய் நின்றோருக்குக் கீமோவால் நன்மை தெரியவில்லை; நில்லாதோருக்குத் தெரிந்தது. எண் தனியே பொருள் தருவதில்லை. சொல்லுக்கு வாக்கியம் போல, எண்ணுக்கு வயதும் கணுவும் வேண்டும்.

*

இரண்டாவது பிழைக்கு வருவோம். இதற்காகவே இக்கட்டுரை.

மறுநாள் மருத்துவர் தொலைபேசியில் மகனிடம் ஆங்கிலத்தில் பேசினார். மகன் தந்தையிடம் சொன்னார். தந்தை மனைவியிடம் சொன்னார். நாலைந்து வாக்கியங்களாகப் புறப்பட்டது அந்தப் பெண்ணிடம் வந்து சேர்ந்தபோது இரண்டு சொற்களாக இருந்தது: “ஒண்ணும் இல்லையாம்.” வீட்டில் பாயசம் வைத்தார்கள். தெருவுக்கும் செய்தி போயிற்று.

தினம் ஒன்று என்று லெட்ரோசோல் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஐந்தாண்டுக் காலம் உண்ண வேண்டியது. அந்த மாத்திரையால் பலருக்கு மூட்டுகள் வலிக்கும். தமக்கையாருக்கும் வலித்தது. காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. ரயில் நிலைய மேம்பாலப் படிகளில் பாதியில் நிற்க வேண்டியிருந்தது. ஐந்தாம் மாதத்தில் அவர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்கு மாதங்களுக்குப் பிறகு நண்பர் ஏதோ தேடி அலமாரியைத் திறந்தபோது பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகள் புடவைகளுக்கு அடியில் இருந்தன. கேட்டதற்குத் தமக்கையார் சொன்ன விடையை நண்பர் எங்களிடம் அப்படியே சொன்னார்: “ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னீங்க? ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்குடா மாத்திரை?”

இந்தக் கேள்வியில் தர்க்கப் பிழை ஏதுமில்லை. அவரிடம் கொடுக்கப்பட்ட வாக்கியத்தை அவர் சரியாகவே வாசித்தார். கொடுக்கப்பட்ட வாக்கியம்தான் தவறு.

945 என்ற அந்த எண்ணிக்கை மாத்திரை சிகிச்சைக்கு உட்பட்ட பெண்களைப் பற்றியது. மாத்திரையை எடுத்துவிட்டால் அந்த எண்ணிக்கையும் போயிற்று. அறிக்கை உண்மையில் சொல்வது இது: “ஐந்தாண்டு மாத்திரையை உண்டால், உன்னைப் போன்ற பெருவாரியான பெண்களுக்கு நோய் திரும்புவதில்லை.” இது நிபந்தனை வாக்கியம். நம் பள்ளி இலக்கணத்தில் ‘செயின்’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று படித்தோமே, அந்த ‘ஆல்’ ஈறு இதில் உயிர்நிலை. மருத்துவரின் ஆங்கிலத்தில் அது இருந்தது. மகனின் சொல்லில் மங்கியது. தந்தையின் சொல்லில் உதிர்ந்தது. மூன்று வாய்கள் மாறுவதற்குள் ஓர் ஈறு விழுந்துவிட்டது. அதனோடு ஒரு பெண்ணின் மருந்தும் விழுந்துவிட்டது.

நம் ஊரில் எதிர்காலத்தைச் சொல்லும் தாள் என்றால் ஜாதகம். பொதுவாக ஆண்கள் கூடத்தில் அமர்ந்து பார்ப்பார்கள். யாருடையதோ அவர் உள்ளே இருப்பார். முடிவு நல்லது அல்லது கெட்டது என்று ஒரு சொல்லில் உள்ளே போகும். மரபணு அறிக்கை வந்த அன்று இந்தப் பழக்கம்தான் கூடத்தில் வந்து அமர்ந்தது. ஆனால் ஜாதகம் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொள்கிறது. மரபணு அறிக்கையோ ஒருத்தியைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவளைப் போன்ற ஆயிரம் பேரைப் பற்றிப் பேசுகிறது. அவள் அந்த 945இல் ஒருத்தியா, எஞ்சிய 55இல் ஒருத்தியா என்பது சோதனைக்கூடத்துக்கும் தெரியாது. கெட்ட பலன் என்று வாசித்தால் அழுது ஓய்ந்துவிடுகிறோம். நல்ல பலன் என்று வாசித்தால் மருந்தை மறந்துவிடுகிறோம். இரண்டிலும் நம் கை செய்ய வேண்டிய வேலை நின்றுபோகிறது. எங்கள் அனுபவத்தில் நல்ல பலனே அதிக ஆபத்தாக இருந்தது.

சொல்லிலும் சிக்கல் உண்டு. “நோய் மீண்டும் வர வாய்ப்புள்ளது” என்று நம் அறிக்கைகளிலும் செய்தித்தாள்களிலும் எழுதுகிறோம். வாய்ப்பு என்றால் நம் வீடுகளில் வேலைவாய்ப்பு, நல்வாய்ப்பு. நிகழ்தகவு என்றால் பிளஸ் டூ கணக்குப் புத்தகம். இரண்டுக்கும் நடுவே, அஞ்சத்தக்கதும் எண்ணத்தக்கதுமான ஒன்றைச் சொல்ல, “ஆயிரம் பேரில் இத்தனை பேருக்கு” என்பதைவிடத் தெளிவான தமிழ் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதையே எல்லோரும் வழங்கலாம்.

*

மூன்றாவது பிழை ஒன்றும் நேர்ந்தது. அது தெருவில் நேர்ந்தது.

மரபணுச் சோதனை என்ற சொல் வெளியே போனதும், தமக்கையாரின் மகளுக்கு வந்திருந்த ஒரு சம்பந்தம் பேச்சற்றுப் போயிற்று. தரகர் சுற்றிவளைத்துச் சொன்னார்: “ஜீன்லயே இருக்குன்னு சொல்றாங்களே.”

இங்கே இரண்டு வெவ்வேறு செய்திகள் குழம்பியுள்ளன. தாய் தந்தையரிடமிருந்து உடலின் ஒவ்வோர் அணுவிலும் வந்து சேரும் மரபணுக் குறை ஒன்று. மேரி-கிளேர் கிங் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1990இல் பதினேழாம் குரோமோசோமில் இடம் காட்டி, 1994இல் பிரித்தறியப்பட்ட பிராக்கா-1 அத்தகையது. பிராக்கா-2 அடுத்த ஆண்டு வந்தது. மார்பகப் புற்றுள்ள பெண்களுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே இத்தகைய பரம்பரைக் குறை காரணமாகிறது. அதைப் பெரும்பாலும் இரத்தத்தில் பார்க்கிறார்கள். அது இருந்தால் மகளுக்கும் சகோதரிக்கும் சொல்ல வேண்டும். அதற்கு முறையான கலந்தாய்வு உண்டு. தென்னிந்தியக் குடும்பங்களில் இக்குறைகளைத் தேடிய ஆய்வை அடையாறு புற்றுநோய் நிலையத்தார் 2003இலேயே வெளியிட்டிருக்கின்றனர்.

தமக்கையாருக்குச் செய்தது இதுவன்று. ஆங்கோடைப் கட்டியின் திசுவில் மட்டும் செய்யப்படுவது. அந்தக் கட்டிக்குள் மரபணுக்களின் இயக்கம் எப்படி இருந்தது என்பதே அதன் விடை. கட்டி அறுவையோடு போய்விட்டது. மகளைப் பற்றி அந்தத் தாளில் ஓர் எழுத்தும் இல்லை. இதை விளக்கி ஒரு கடிதம் எழுதலாமா என்று நாங்கள் கேட்டோம். மகள் மறுத்துவிட்டார்: “இதுக்கு விளக்கம் கேக்கற வீடு எனக்கு வேண்டாம் மாமா.” அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறோம். ஆயினும் இந்த அச்சத்தால் பரம்பரைச் சோதனை தேவைப்படும் குடும்பங்களும் அதை மறைக்கவும் தவிர்க்கவும் செய்கின்றன. அதன் விலையை நாளை அந்த வீட்டுப் பெண்களே கொடுப்பார்கள்.

*

தாம்பரத்துக்காரர்களுக்கு இதில் பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வர வேண்டும். நம் ஊரில் ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர். 1928இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் இல்லத்தால் வந்த பெயர் அது. அக்காலத்தில் காசநோய் என்பது விதி. நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமும் மட்டுமே மருந்து. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு 1959இல் முடிவை வெளியிட்டபோது உலகமே வியந்தது. இல்லத்தில் ஓய்வாகக் கிடந்தவர்களுக்கு நிகராக, நெரிசலான வீட்டில் எளிய உணவை உண்டு மருந்தை எடுத்துக்கொண்டவர்களும் குணமடைந்தார்கள். காற்றைப் பற்றிய கேள்வி பின்னுக்குப் போயிற்று. நோயாளி மருந்தை விடாமல் உண்கிறாரா என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

அதே வளாகம் பின்னர் எச்ஐவி நோயாளிகளின் புகலிடமாயிற்று. பல ஆண்டுகள் அங்கே சோதனை முடிவு என்பது தீர்ப்பாகவே இருந்தது; ஏனெனில் முடிவைச் சொன்ன பிறகு கொடுப்பதற்குப் போதிய மருந்து இல்லை. 2004இல் அரசு இலவசக் கூட்டுமருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் மையங்களுள் தாம்பரமும் இருந்தது. அதே சோதனை, அதே முடிவு, பொருள் மாறிவிட்டது.

மார்பகப் புற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. ஹெர்-2 மரபணு பெருகியுள்ள பெண்களுக்கு நோய் விரைவில் திரும்புகிறது என்று 1987இல் கண்டார்கள். அன்று அது துயரச் செய்தி. 1998இல் அந்தப் புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன்பின் ஹெர்-2 உண்டு என்பது, மருந்து கிட்டுமானால், நம்பிக்கைக்கு இடமான செய்தியாயிற்று. மருந்து கிட்டாத பெண்ணுக்கோ அது இன்னும் 1987ஆம் ஆண்டுச் செய்திதான். குறிப்பானின் பொருளில் பாதி கட்டியில் இருக்கிறது. மறுபாதி மருந்து அவள் கைக்கு வந்து சேர்கிறதா என்பதில் இருக்கிறது.

*

இச்சோதனைகள் யாரைப் பார்த்து உருவாக்கப்பட்டன என்றும் கேட்க வேண்டும். டெய்லர்-எக்ஸ் ஆய்வு நடந்தவை ஆறு நாடுகள்: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, பெரு. அதில் இந்தியா இல்லை. நம் பெண்களுக்கு இந்நோய் மேலைநாட்டாரைவிட ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே வருகிறது. அதாவது மாதவிடாய் நில்லாத பெண்கள், எண்ணை எச்சரிக்கையோடு படிக்க வேண்டியவர்கள், நம்மிடம் மிகுதி. மூன்று கேள்விகளுக்கும் இல்லை என்ற விடை வரும் வகை மேலைநாடுகளில் பத்தில் ஒருவருக்கோ சற்று மேலோ வருகிறது. இங்கே பத்தில் மூன்று பேரை நெருங்குகிறது. அவர்களுக்கு ஆங்கோடைப் பொருந்தாது. அரசு மருத்துவமனைகளுக்கு வருவோருள் கணிசமானோர் கட்டி பெருத்து, கணுக்களுக்குப் பரவிய பின்பே வருகின்றனர். அவர்களுக்கும் இந்தக் கேள்வியே எழாது.

ஆகவே நம் பெண்களைப் பார்த்து உருவாகும் அறிவு வேண்டும். அது தொடங்கியிருக்கிறது. பெங்களூரின் ஆங்கோஸ்டெம் நிறுவனம் ஐந்து புரதங்களையும் கட்டியின் அளவு, தரம், கணு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணிக்கும் கேன்அசிஸ்ட் என்ற சோதனையை உருவாக்கியுள்ளது. செலவு அமெரிக்கச் சோதனையினும் குறைவு. கிண்டியில் ஐஐடி மெட்ராஸ் 2025 பிப்ரவரியில் பாரத் புற்று மரபணுத் தொகுப்பை வெளியிட்டது. நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த மார்பகப் புற்று நோயாளிகளின் 480 திசு மாதிரிகளிலிருந்து பெற்ற மரபணு வரிசைகள் அதில் உள்ளன. ஆய்வாளர் எவரும் பயன்படுத்தலாம். ஐஐடி இருக்கும் அதே சர்தார் பட்டேல் சாலையில்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தின் வளாகமும் இருக்கிறது. இந்தச் சாலையில் நடப்பது நமக்குப் பெருமை. ஆனால் 480 மாதிரி என்பது தொடக்கமே. வரிசை மட்டும் போதாது. அந்தப் பெண்கள் ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள் என்பதையும் விடாமல் தொடர்ந்து எழுதி வைத்தால்தான் கணிப்பு என்பது கைகூடும்.

*

எங்கள் கருத்தைச் சுருக்கிச் சொல்கிறோம்.

சோதனை முடிவு முதலில் அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்பட வேண்டும். கணவரும் மகனும் உடன் இருக்கட்டும். ஆனால் நாற்காலி அவருக்கு. முடிவு தமிழில் ஒரு பக்கத் தாளாகக் கொடுக்கப்பட வேண்டும். அதில் எண்ணின் திசை, அதாவது குறைந்தால் நல்லதா கூடினால் நல்லதா என்பது, முதல் வரியில் வர வேண்டும். விழுக்காட்டுக்குப் பதில் ஆயிரம் பெண்கள் என்று எழுத வேண்டும். எந்த மருந்தை எத்தனை ஆண்டு உண்டால் இந்தக் கணக்கு பொருந்தும் என்ற நிபந்தனை தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். மகள்களைப் பற்றி இச்சோதனை ஏதும் சொல்கிறதா இல்லையா என்பது கடைசி வரி. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு தாள்.

சிகிச்சையை மாற்றாத சோதனைக்கு லட்சங்களைச் செலவிட வேண்டாம். கீமோ வேண்டும் என்பது வேறு காரணங்களால் உறுதியாகத் தெரிந்தால் எண்ணைக் கேட்டுப் பயனில்லை. அதற்கு முன்னரே கேட்க வேண்டிய அந்த மூன்று கேள்விகள் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் பிழையின்றிக் கேட்கப்படுவது இதைவிட முக்கியம்.

மாத்திரையை யார் விசாரிப்பது? 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்துக் காட்டியது. அதே முறையில் ஹார்மோன் மாத்திரை உண்ணும் பெண்களையும் மாதம் ஒருமுறை விசாரிக்கலாம். கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள்: உண்கிறீர்களா, வலிக்கிறதா? இரண்டாவதைக் கேட்டால் முதலாவதுக்கு உண்மையான விடை வரும்.

தமக்கையாரிடம் அந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதுதான் நண்பரை இன்றும் உறுத்துகிறது. அலமாரியைத் திறந்த அந்த வாரமே அவர் தமக்கையை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இம்முறை தமக்கையார் முன் நாற்காலியில் அமர்ந்தார். ஆசிரியர் பின்னால் அமர்ந்தார். மருத்துவர் கோபப்படவில்லை. மாத்திரையை வேறொன்றாக மாற்றிக் கொடுத்தார்; நடைப்பயிற்சி சொன்னார்; ஆயிரம் பெண்கள் கணக்கைத் தமிழில் பொறுமையாகச் சொன்னார். தமக்கையார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இதை அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றார்.

வலி முற்றிலும் போகவில்லை, குறைந்திருக்கிறது. விட்டுப்போன நான்கு மாதம் என்ன செய்யும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இப்போது அவர் வீட்டுத் தினசரி நாள்காட்டியில், மாத்திரை உண்ட பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பது என்று ஒரு வழக்கம். சென்ற மாதம் நண்பர் போயிருந்தபோது பிற்பகல் ஆகியும் முந்தைய நாள் தாள் அப்படியே தொங்கியது. ஆசிரியர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தார்.